கிடங்கில் கூடிய நூறு கிலோமீட்டர்

ஜப்பானிலிருந்து வரவழைத்த பழைய பைக்குக்கு வரி முழுசும் கட்டியிருந்தான் மெக்கானிக் சூசை. அப்படியும் சுங்க அதிகாரி தீனதயாளன் வண்டியை விடவில்லை.

"பழைய ஓனர் நேரில் வந்து கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் வண்டி வெளியே போகும்."

"அவர் செத்துட்டாரே சார்!"

"எனக்கென்ன? வரச் சொல்லு."

வண்டியையாவது பார்க்கணும் என்று சூசை கெஞ்ச, அதிகாரி பூட்டிக் கிடந்த கிடங்கைத் திறந்ததும், அந்த இருட்டில் சூசை குனிந்து மீட்டரைப் பார்த்தான்.

"அவர் வந்துட்டுத்தான் சார் இருக்கார். கப்பல்லேருந்து இறக்கினப்போ இருந்ததைவிட நூறு கிலோமீட்டர் கூடியிருக்கு. கிடங்குச் சாவி உங்ககிட்ட மட்டும்தானே? வேற யார் ஓட்டியிருப்பா?"

வாசலில் நின்ற சுமைதூக்குகிறவர்கள் அதிகாரியையே பார்த்தார்கள்.

"போன வாரம் இருபதுதான்யா ஓட்டினேன்!" என்று உளறிவிட்டு, தீனதயாளன் வண்டியை விடுவிக்கும் தாளில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு என்ஜினில் கைவைத்த சூசை, வெடுக்கென்று கையை இழுத்தான். என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது.