பத்தாவது ஆள்

மிளகு வாங்கக் கப்பல்கள் கடல் தாண்டி வந்த காலம் அது. பெரகியா என்றொரு யூத வணிகன் இருந்தான். நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன். அந்த அவசரம் அவனை என்ன பாடு படுத்தியது, கேளுங்கள்.

யூதர்கள் தங்கள் கோயிலை இழந்து நாடு நாடாகச் சிதறியவர்கள். போன ஊரில் பத்து ஆண்கள் கூடினால் போதும், அதுவே அவர்களுக்குக் கோயில். ஒருவர் குறைந்தாலும் இறந்தவர்களுக்கான வேண்டுதலைச் சொல்ல முடியாது.

மலையாளக் கரையில் ஒரு சின்னத் துறை. அங்கே யூத ஆண்கள் ஒன்பதே பேர். அவர்களில் எண்ணெய் ஆட்டும் சக்கரியாவின் தாய் இறந்துபோனாள். அந்த நேரம் பார்த்துப் பெரகியாவின் கப்பல் வந்தது. சக்கரியா துறைக்கு ஓடி வந்தான்.

"ஐயா, நீங்கள் வந்தால் பத்துப் பேர். ஒரு நாழிகை போதும். என் தாய்க்காகச் சொல்லிவிடுவேன்."

"காற்று திரும்பிவிட்டதப்பா, மிளகை ஏற்றியதும் கிளம்பியாக வேண்டும். அடுத்த முறை பார்க்கலாம்," என்றான் பெரகியா.

மறு ஆண்டும் பெரகியா வந்தான். சக்கரியாவும் வந்து நின்றான். "காற்று திரும்பிவிட்டதப்பா," என்றான் பெரகியா. சக்கரியா வந்த வழியே திரும்பிப் போனான்.

மூன்றாம் ஆண்டு பெரகியா கரையேறியபோது, வேறொரு கப்பலில் முந்தி வந்த கடிதம் ஒன்று அவனுக்காகக் காத்திருந்தது. அவன் தாய் இறந்துவிட்டாள். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அழுதுகொண்டே ஜெபக்கூடத்துக்கு ஓடினான். எட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

"சக்கரியா எங்கே?"

"பட்டணத்துக்குக் கிளம்பிவிட்டான். அங்கே பத்துப் பேர் இருக்கிறார்களாம். இந்த வருஷமாவது தாய்க்குச் சொல்ல வேண்டுமென்று தவித்துப் போனான்."

பெரகியா துறைக்கு ஓடினான். கப்பலுக்குப் போகும் படகில் சக்கரியா ஏறி உட்கார்ந்திருந்தான். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பெரகியா படகைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, என் தாய் போய்விட்டாள். அங்கே எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள்."

படகோட்டி துடுப்பை எடுத்தான். "காற்று திரும்பிவிட்டது. சட்டென்று விடுங்கள் ஐயா," என்றான். பெரகியா தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு முறை அதையே சொன்னவன் அவன்தானே!

சக்கரியா அவனையே பார்த்தான். கோபம் இல்லாமலா இருக்கும்? இருந்தது. ஆனாலும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

"இப்போது நான் இறங்கினேன், பத்து ஆயிற்று. அன்றைக்கு நீங்கள் இறங்கியிருந்தாலும் பத்துதான்," என்றான்.

பெரகியா அவன் மூட்டையை வாங்கிச் சுமந்துகொண்டு ஜெபக்கூடத்துக்கு நடந்தான். அங்கே ஈரத் துணியோடு இருவரும் அருகருகே நின்று, தத்தம் தாய்க்காக வேண்டுதலைத் தொடங்கினார்கள். முதல் வரியிலேயே பெரகியா உடைந்து அழுதுவிட்டான். சக்கரியா அவனுக்கும் சேர்த்து உரக்கச் சொன்னான்.

ஊர் ஊராகப் போகிறவர்களே, வழியில் நம்மை வேண்டி நிற்பவருக்காகச் சற்று நின்றுவிட்டுப் போக வேண்டும். நாளை நமக்காக ஒருவர் நிற்க வேண்டி வரும்.