வடலிக்குளத்துக் காற்றாலை வழக்கு

காற்று யாரிடமும் அனுமதி கேட்டு வீசுவதில்லை. அதைப் பிடித்து மின்சாரமாக்க நினைப்பவன்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். நிலத்துக்கு ஒருவர், மின்கம்பிக்கு ஒருவர், விமானம் மோதாமலிருக்க ஒருவர் என்று ஆளாளுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். எந்தக் கையெழுத்தை எங்கே வாங்குவது என்று ஆராய்ந்து சொல்வது ஜெனோவாவின் வேலை. அவள் மாட்டிக்கொண்ட வழக்கைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் வடலிக்குளம் என்றோர் ஊர். குளத்துக்கும் வயல்காட்டுக்கும் நடுவே கிடந்த பொட்டலில் காற்றாலைகள் நிறுவ ஜெனோவா வேலை பார்த்த கம்பெனி வந்தது. சாதாரணக் காற்றாலையா அது! ஒற்றை இறக்கையை லாரியில் ஏற்றி வந்தால் ஒரு தெருவே நகர்ந்து வருவது போலிருக்கும். உச்சியைப் பார்க்க அண்ணாந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். "ஆடிக் காத்துதான் எங்களுக்கு அறுவடை. அதை ஒட்டின மாசங்கள்ல சுத்தினா போதும், மத்த மாசம் வர்றதெல்லாம் கொசுறு" என்று மேலாளர் வெங்கடசுப்பு பெருமையடித்துக்கொள்வார்.

எல்லா அனுமதியும் கிடைத்து, ஒன்று மட்டும் பாக்கி நின்றது. வடலிக்குளம் பறவைகள் இறங்கும் குளம். வரித்தலை வாத்து என்று ஒன்று, இமயமலையையே தாண்டிப் பறந்து வருகிறது! கூழைக்கடாக்களும் வரும். மழைக்குப் பின் வந்தால் பங்குனி வரை இருக்கும். வாத்துகள் விடிந்ததும் வயலுக்கு இரை தேடப் போய்ப் பொழுது சாயக் குளத்துக்குத் திரும்பும். அதனால் பறவைகள் வரும் பருவம் முழுக்கக் கணக்கெடுத்து அறிக்கை தரச் சொன்னார் மாவட்ட அதிகாரி ரகோத்தமன். அந்த வேலையும் ஜெனோவா தலையில் விழுந்தது.

அவளுடைய பொல்லாத நேரம், அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குளம் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. அந்த நிலையில்தான் தீபாவளி வந்தது. புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு, பிள்ளைகள் கையில் மத்தாப்பும் உண்டு. ஒரு வெடிச் சத்தம் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவி பேச்சித்தாயிடம் ஜெனோவா கேட்டாள்:

"பறவை பயந்துரும்னு நீங்க வெடி போடுறதில்லைன்னு தெரியும்க்கா. இந்த வருசம்தான் ஒண்ணுகூட வரலையே?"

"மேல பறந்து போறதுக்குக் கேக்கும்லா, தாயி? இங்கன சத்தம்னு நெனச்சிட்டா அடுத்த வருசம் எறங்குமா?"

ஜெனோவாவுக்கு மெய் சிலிர்த்தது. அம்மாடி, வராத விருந்தாளிக்காக ஓர் ஊரே இப்படி அடங்கி இருக்குமா என்று அவள் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அதே பேச்சித்தாய்தான் காற்றாலைக்குச் சம்மதம் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டவள். காரணம் இருந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுவரும் கால்வாய் வருடா வருடம் தூர்ந்துகொண்டே வந்தது. அனுமதி கிடைத்தால் அதைத் தோண்டித் தருவதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது.

பங்குனி முடிந்தது. ஜெனோவா அறிக்கை எழுதினாள்: பறவை எதுவும் காணப்படவில்லை. கண்ணால் கண்டது அதுதானே! கீழே இன்னொன்றும் எழுதினாள்: இவ்வூர் தீபாவளிக்கு வெடி வெடிக்கவில்லை, பறவைகளுக்காகக் காத்திருக்கிறது.

"வெடிக்காத வெடியை எல்லாம் அறிக்கையில எழுதுவாங்களாம்மா?" என்று வெங்கடசுப்பு தலையில் அடித்துக்கொண்டார்.

வெங்கடசுப்பு, ஜெனோவா, பேச்சித்தாய் மூவரும் ரகோத்தமன் முன்னால் போய் நின்றார்கள்.

"நீங்க கேட்ட கணக்கெடுப்பு முடிஞ்சுது, சார். பறவை இல்லை. கையெழுத்துப் போடுங்க" என்றார் மேலாளர்.

"வறண்ட வருசத்துக் கணக்கை நம்பாதீங்க, சார். நல்ல மழை வர்ற வருசம் வரைக்கும் நிறுத்தி வைங்க" என்றாள் ஜெனோவா.

"அதுவரைக்கும் நாங்க காத்திருக்க மாட்டோம், வேற ஊரைப் பாத்துக்குவோம்" என்றார் மேலாளர்.

"அப்ப கால்வாயும் போச்சே!" பேச்சித்தாய் பதறினாள். "இப்பமே குடுத்துருங்கய்யா. தண்ணி இல்லாத கொளத்துக்கு எது வரும்?"

"தண்ணியைப் பாத்து வந்து இறக்கையில அடிபட்டா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார் ரகோத்தமன். பேச்சித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிறுத்தி வைத்தால் குளம் சாகும். கொடுத்தால் குளத்தை நம்பி வரும் பறவை சாகும். ரகோத்தமன் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: பேச்சித்தாய் சொன்னதே சரி, ஆனால் பாதி சரி. மேலாளர் பொய் சொல்லவில்லை. வறண்ட குளத்தில் கண்டதை நிறைந்த குளத்துக்கும் பொருத்தப் பார்த்தார், அது தப்பு. ஜெனோவா சொன்னது உண்மை. ஆனால் அவள் சொன்னபடி காத்திருந்தால் கால்வாய் தூர்ந்து, கணக்கெடுக்கக் குளமே மிஞ்சாது. பறவைக்கு முதலில் வேண்டியது தண்ணீர், அதைக் கேட்டவள் பேச்சித்தாய். மீதிப் பாதியை ரகோத்தமன் சேர்த்து அனுமதி கொடுத்தார்: கால்வாய் முதலில், காற்றாலை பிறகு. பறவைகள் வரும் பருவம் தொடங்கியதிலிருந்து அவை கிளம்பும் வரை ஓர் இறக்கையும் சுற்றக் கூடாது. காற்று குறைந்த மாதங்கள் அவை, பெரிய நட்டமில்லை. வெங்கடசுப்பு முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். காற்றாலைகள் எழுந்தபின் வந்த மார்கழியில் ஜெனோவா மறுபடி கணக்கெடுக்கப் போனாள். அசையாமல் நின்ற அந்த ராட்சத இறக்கைகளைக் கடந்து, வானம் மறைய வந்து, கால்வாய்த் தண்ணீர் நிறைந்த குளத்தில் இறங்கின பறவைகள். பேச்சித்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். ஜெனோவா எண்ண மறந்து நின்றாள்.