குடத்தில் நின்ற பெயர்

கர்ர்... கர்ர்... சந்தை முனை திரும்புமுன்பே, அரம் பித்தளையைத் தின்னும் சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற கனகம்மாவுக்குப் பல் கூசியது.

ஆற்றின் இரண்டு கரைக்காரர்களும் ஏழு வருஷம் வெட்டிக்கொண்டு ஓய்ந்த ஊர் அது. இனிமேல் பழசை நினைத்து யாரும் கத்தி தூக்கக்கூடாதென்று அரசு மறதிச் சட்டம் போட்டது. செத்தவர் பெயர் எந்தப் பாத்திரத்திலும் இருக்கக்கூடாது. எது சண்டைச் சாவு என்று பிரிக்கச் சோம்பல்பட்டு எல்லாச் சாவுக்கும் சேர்த்தே போட்டார்கள். உயிரோடிருப்பவர் பெயர் இருக்கலாம். மறைத்தால் சிறை.

ஊரின் சீர்ப் பாத்திரங்களுக்கெல்லாம் பெயர் வெட்டியவர் அம்பலவாணர். இப்போது அழிப்பதும் அவரே. காலையில் முதல் வேலையாக, செத்த தம்பியின் பெயரிருந்த டம்ளரைத்தான் தேய்த்தார். அது அவர் மடியில் கிடந்தது.

கனகம்மாவின் வீடு எரிந்ததில் மிஞ்சியது, அவள் தூக்கி வந்திருந்த ஒரு குடமும் ஒரு பித்தளைப் பானையும். குடத்தில் மகள் பெயர்: பூரணி. மகள் இருந்ததற்கு வேறு தடயமில்லை.

"யாரும்மா பூரணி?" என்றார் வெளியூர் அதிகாரி.

"நான்தாங்க."

"ஓய், வெட்டினது நீர்தானே? நிஜமா?"

பூரணியின் கல்யாணத்துக்கு வெட்டியது அம்பலவாணருக்கு மறக்கவில்லை. "ஆமாங்க. இவங்க பேருதான்."

அதிகாரி அடுத்த ஆளிடம் நகர்ந்தார். கனகம்மா கண் நிறையக் குனிந்தாள். "நல்லாயிருப்பீங்கண்ணே. உங்க பேரனுக்கும் தம்பி பேருதானே? அவன் டம்ளருன்னு நீங்களும் சொல்லியிருக்கலாமே!"

அரம் நின்றது. அம்பலவாணர் டம்ளரையே பார்த்தார். பிறகு அவளுடைய பானையைத் தூக்கிக் காட்டினார்.

"ஐயா, இதில கனகம்மான்னு இருக்கு. அது யாருன்னு கேளுங்க."

"எங்கம்மா," என்றாள் அவள். உயிரோடிருக்கிறாள் என்றால் கூட்டிவரச் சொல்வார்கள். "செத்துட்டா."

அவள் கண்ணெதிரே அவள் பெயர் தூளாக உதிர்ந்தது. பதிவேட்டிலும் கனகம்மா செத்தாள்.

கேட்டவரே, சொல்லும்: காப்பாற்றிய ஆளே கால்நாழிகைக்குள் கழுத்தறுத்தது ஏன்?

விடை: பயம் என்பீர். பயந்தவர் முதல் பொய்யையே சொல்லியிருக்க மாட்டார். தம்பியை அழித்தது சட்டம் என்று நம்பித்தான் காலையிலிருந்து அவர் அரம் பிடித்தார். நன்றி சொன்ன வாயாலேயே அவள், அழித்தது உம் அவசரம் என்று காட்டிவிட்டாள். சட்டத்தைக்கூட மன்னித்துவிடலாம். வழி இருந்தது என்று சொன்னவளை எப்படி மன்னிப்பது?

மறுநாள் குழாயடியில், "கனகம்மாக்கா, உன் முறை," என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. புளி போட்டுத் துலக்கிய குடத்தைக் குழாய்க்கடியில் வைத்து, பெயர் தெரியும் பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, தண்ணீர் பிடித்தாள்.