நாற்பத்து நான்கு நல்ல அட்டைகள்

ஏற்காட்டில் டாரட் அட்டை பார்த்துப் பலன் சொல்லும் இசபெல்லாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவளிடம் அந்த வித்தையைப் படிக்க வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்து மூன்று. அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணா என்றாள்.

முதல் வருடம் எழுபத்தெட்டு அட்டைகள் கொண்ட டாரட் கட்டை வைத்துத்தான் படித்தார். வேகமாகப் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் சேலத்தில் இருந்த தன் அக்காவுக்காக ஒரு அட்டை எடுத்தார். குதிரையில் எலும்புக்கூடு வரும் மரணம் என்ற அட்டை வந்தது. பதினோராம் நாள் அக்கா இறந்துபோனாள்.

அந்த அட்டைக்கு மாற்றம், ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவது என்றெல்லாம் பொருள் உண்டு என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? அதற்குப் பிறகு கட்டைக் கலைக்கும்போதே விரல்கள் நடுங்கின. எலும்புக்கூட்டை உருவிச் சட்டைப் பையில் ஒளித்துவைத்துவிட்டு மற்றதை விரித்தார். அது போனதும் இடி விழுந்து எரியும் கோபுரம் பயமுறுத்தியது. அதையும் உருவினார். பிறகு முதுகில் பத்து வாள் செருகிக் கிடக்கும் மனிதன். கட்டு மெலிந்துகொண்டே வந்தது.

இசபெல்லா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்கவில்லை.

ஒரு காலையில் அவரே ஒளித்த அட்டைகளை எல்லாம் மேசைமேல் வைத்தார். தூக்கம் வருவதில்லை என்றார். யாருக்காவது அட்டை எடுத்தால், அவர்களுக்கு வரப்போகும் கெடுதலைத் தானே கைப்பிடித்து அழைத்து வருவதுபோல் இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்:

"எனக்குப் பொருந்துற கட்டு எது டீச்சர்? அதை எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவள் அலமாரியைத் திறந்துவிட்டாள். விதவிதமான கட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய், எல்லா அட்டையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

அவர் அப்படியே செய்தார். ஒரு கட்டில் மனிதர்களுக்கு முகமே வரையப்படவில்லை. அன்று விளக்கை அணைக்காமல் படுத்தார். இன்னொன்றில் விலங்குகள். அதிலிருந்த ஆந்தை அறையில் எங்கே போனாலும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. கடைசியில், டாரட் போலவே குறி சொல்ல உதவும் ஓர் ஆரக்கிள் கட்டு கிடைத்தது. நாற்பத்து நான்கு அட்டைகள். வெளிர் நிறத்தில் பூக்கள், ஒவ்வொரு பூவுக்குக் கீழும் ஒரு சொல். அமைதி. நம்பிக்கை. மன்னிப்பு. கெட்ட சொல் ஒன்றுகூட இல்லை.

"இதுதான் டீச்சர்" என்றார்.

"ஏன்?"

"இதைப் பிடிச்சா கை நடுங்கலை."

இசபெல்லா அந்தக் கட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிறகு, "வச்சுக்குங்க அண்ணா" என்றாள்.

அதன்பின் ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் போனது. அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் சிரித்த முகத்தோடு எழுந்து போனார்கள். சிலர் மறுபடியும் வந்தார்கள். அவருக்குத் தூக்கம் வந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள். இசபெல்லா ஒரு வேலையாகச் சேலத்துக்கு இறங்கியிருந்தாள். அவள் வீட்டில் தணிகாசலம் தனியாக இருந்தார். பதினோரு மணிக்கே மேகம் இறங்கி, வாசலில் நின்ற சில்வர் ஓக் மரங்கள் மறைந்துவிட்டன. அதற்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் தமயந்தி என்றாள். மேல்பாறையில் வீடு. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். உட்காரச் சொல்லியும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள்.

என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"இன்னைக்கு நான் வீட்டுக்குத் திரும்பிப் போகலாமா, வேணாமா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, இடது கையை மேசைமேல் வைத்தாள். வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டாள். மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல்களின் தடம் இருந்தது. நீலம் பழுத்துக் கறுத்துப்போயிருந்தது.

தணிகாசலம் கண்ணைத் திருப்பிக்கொண்டார். சட்டென்று குனிந்து கட்டைக் கலைக்கத் தொடங்கினார். மூன்று அட்டைகளை வைத்தார். மன்னிப்பு வந்தது. பொறுமை வந்தது. மூன்றாவதில் ஒரு வெள்ளைப் பூவும், அதற்குக் கீழே இல்லம் என்ற சொல்லும் இருந்தன.

மூச்சு சீராக வந்தது அவருக்கு. தாராளமாக வீட்டுக்குப் போகலாம், கொஞ்சம் பொறுத்துப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னார்.

அவள் அட்டைகளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"வேற எதுவும் தெரியலைங்களா?"

"எல்லாமே நல்ல அட்டைங்கதாம்மா."

சரிங்க என்று எழுந்தாள். வளையல்களைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு மேகத்துக்குள் நடந்தாள். பத்தடி போவதற்குள் ஆள் தெரியவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

இசபெல்லா இரண்டு மணிக்கு வந்தாள். யாராவது வந்தார்களா என்று கேட்டாள். மேல்பாறையிலிருந்து தமயந்தி என்று ஒரு பெண் வந்ததை அவர் சொன்னார். அந்தப் பெண் என்ன கேட்டாள் என்றாள் இசபெல்லா. அதையும், வந்த அட்டைகளையும் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கியது. வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள். அவர் தன் இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"கையில காயம் இருந்துச்சு டீச்சர். விரல் பதிஞ்ச காயம்."

இசபெல்லா உட்காரவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "ஏறுங்க" என்றாள்.

மேல்பாறை போகும் பாதையில் பகலிலேயே விளக்கைப் போட வேண்டியிருந்தது. அந்த வெளிச்சமும் வெள்ளைச் சுவரில் முட்டியதுபோல் திரும்பி வந்தது. பாதி வழியில் ஊர் பஸ் எதிரே வந்தது. நிறுத்திக் கேட்டார்கள். அப்படி ஒரு பெண் மேல்பாறையில் இறங்கி ஒரு மணி நேரம் ஆகிறது என்றார் கண்டக்டர். முன்னால் இருந்த இசபெல்லா திரும்பாமலே சொன்னாள்:

"அந்தக் கட்டை உங்க கையில குடுத்தது நான்தான்."

ஊருக்குள் ஒரு டீக்கடை திறந்திருந்தது. தமயந்தி வீடு எது என்று கேட்டதும் கடைக்காரர் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. அதுதான் தணிகாசலத்தை இன்னும் பயமுறுத்தியது.

வீடு சாத்தியிருந்தது. அக்கம்பக்கத்துக் கதவுகளும் சாத்தியிருந்தன. இசபெல்லா தட்டினாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டு நின்றது. கொஞ்சம் பொறுத்து ஒருவன் கதவைப் பாதி திறந்தான். தலையை ஒழுங்காகச் சீவியிருந்தான். கைகளில் ஈரம். சோப்பு வாசனை வந்தது.

"தமயந்தியப் பார்க்கணும்" என்றாள் இசபெல்லா.

"தூங்குறா. அப்புறம் வாங்க."

கோபமே இல்லாமல், விருந்தாளியிடம் பேசுவதுபோலச் சொன்னான். கதவு மூடத் தொடங்கியது. இசபெல்லா பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இரண்டாவது முறை கூப்பிட்டாள். உள்ளே எங்கோ ஒரு டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

அவள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அவன் அவள் பின்னால் திரும்பினான். அப்போது தணிகாசலம் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். எப்படிப் போனார் என்று பின்னால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அவன் அவரைவிட ஒரு தலை உயரம். "யார்யா நீ?" என்று மெதுவாகக் கேட்டான். அவர் நகரவில்லை. அவன் அவர் நெஞ்சில் ஓங்கி அறைந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

உள்ளேயிருந்து இசபெல்லா ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினாள். அப்போதுதான் பக்கத்துக் கதவுகள் திறந்தன. டீக்கடைக்காரரும் ஓடிவந்தார். தமயந்தியின் கணவனை நாலு பேர் பிடித்து வாசலில் உட்கார வைத்தார்கள்.

தமயந்தி சமையல்கட்டின் மூலையில் கிடந்தாள். தலையில் அடி. இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. பேச முடியவில்லை. காலுக்கு எட்டிய டம்ளரை அவள்தான் உதைத்திருக்கிறாள்.

ஒரு தோட்டத்து ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க அவள் தலை தணிகாசலத்தின் மடியில் இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று வளைவுக்கு வளைவு குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ஐந்து மணி வாக்கில் அவளுக்குப் பேச்சு வந்தது. அரூரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டுத் தரச் சொன்னாள். இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலத்தின் வேட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்தக் கட்டு என்னை ஏமாத்திடுச்சு டீச்சர். எனக்கு அந்தப் பழைய கட்டையே குடுத்துடுங்க. அதை விரிச்சிருந்தா வாளோ கோபுரமோ வந்திருக்கும். போகாதேன்னு சொல்லியிருப்பேன்."

"எப்ப அவ கையைப் பார்த்தீங்க? அட்டை எடுத்த பிறகா?"

"முன்னாடியே பார்த்தேன். என் கண்ணு முன்னாடிதான வச்சா."

இசபெல்லா அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் எதுக்கு அண்ணா அட்டையப் பார்த்தீங்க?"