செக்கு மாட்டுக் கழுத்து மணி

முன்னொரு காலத்தில், கொசு தும்மினாலும் தானே விசாரிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் ராஜா ஒருவர் இருந்தார். கோழி வழக்கும் குடத்து வழக்குமாகக் குவிந்து பகல் தூக்கம் பறிபோன பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. சின்ன மன்று ஒன்றைக் கட்டி, விகடகவி ஏகாம்பரனை அதில் நீதி சொல்ல உட்காரவைத்தார்.

"இந்த வாசலில் நுழையும் பொருளைப் பற்றிய வழக்கு மட்டுமே உமக்கு. நுழையாதது பெரிய மன்றுக்கு. எல்லை மீறித் தீர்ப்புச் சொன்னால், உம் மீசையைச் சிரைத்து நாட்டைவிட்டே துரத்துவேன்!"

பெரிய மன்றின் தலைவர் அனந்தகீர்த்திக்கு வயிறு எரிந்தது. அதுவும் லேசுப்பட்ட வயிறா? அது சபைக்குள் வந்து வணக்கம் சொல்லி அமர்ந்த பிறகுதான் அவர் வந்து சேருவார்!

அந்தச் சமயத்தில், எண்ணெய் ஆட்டும் செங்கமலத்தின் செக்கு மாட்டை அனந்தகீர்த்தியின் மைத்துனன் பூதலிங்கம் ஓட்டிக்கொண்டு போய், தன் ஏர் மாடு என்று சாதித்தான். அவள் சின்ன மன்றில் முறையிட்டாள். விடிவதற்குள் அனந்தகீர்த்தி ஆள்விட்டு, வாசலைச் செங்கல் வைத்துக் குறுக்கிவிட்டார். பூனைகூட மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் நுழையலாம்! மீசை போகும் வேடிக்கைக்கு ராஜாவையும் அழைத்து வந்தார். பூதலிங்கமும் மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வர, எல்லோரும் வாசலுக்கு வெளியே கூடினார்கள்.

"மாடு நுழையாது, மன்னா. வழக்கு எனக்கே உரியது" என்றார் அனந்தகீர்த்தி.

"ஐயா, அங்க தீர்ப்புச் சொல்றவரே இவனுக்கு மச்சானுங்க!" என்று செங்கமலம் பதறினாள். "மாடு போச்சுன்னா செக்கு நின்னுரும். புள்ளைங்க என்னத்தத் திங்கும்?"

தீர்ப்புச் சொன்னால் மீசை போகும். சொல்லாவிட்டால் மாடு போகும். ஏகாம்பரன் மீசையைத் தடவியபடி மாட்டைப் பார்த்தான். கழுத்தில் மணி தொங்கியது.

"அனந்தகீர்த்தியார் சொல்வதே சரி. மாட்டைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் அந்த மணி வாசலில் நுழையுமே! அது யாருடையது?"

"என்னோடதுங்க!"

"ஓட்டை மணி! அவளே வெச்சுக்கட்டும்!" என்றான் பூதலிங்கம்.

"மணி செங்கமலத்துக்கே. அவிழ்த்துக்கொள், அம்மா. தினமும் எப்படி ஆட்டுவாயோ, அப்படி ஒரு தடவை ஆட்டிப் பார்."

அவள் மணியை ஆட்டித்தான் மாட்டைச் செக்கில் கிளப்புவது வழக்கம். சத்தம் கேட்டதுதான் தாமதம், மாடு சுற்றக் கிளம்பிவிட்டது! எதைச் சுற்றி? அங்கே செக்குப் போல உருண்டு திரண்டு நின்றது அனந்தகீர்த்தி ஒருவர்தானே! கயிற்றைப் பிடித்திருந்த பூதலிங்கமும் பின்னாலேயே இழுபட, கயிறு மச்சானின் வயிற்றில் வரிந்து சுற்றியது.

"ஐயோ, நிறுத்துடா!"

"நிக்க மாட்டேங்குதே மச்சான்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மூக்குக்கு இறங்கியது. "ஏர் மாடு இப்படியா உழும், பூதலிங்கம்? அம்மா, உன் மாட்டை ஓட்டிக்கொண்டு போ!"

"மாட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, மன்னா." என்றான் ஏகாம்பரன். " மாடுதான் சொன்னது."

ராஜா முத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "அனந்தகீர்த்தி, செங்கலை உம் கையாலேயே எடும். நீர் நுழையும் அளவுக்கு வாசலை அகலப்படுத்தும்!"

"வேண்டாம், மன்னா!" என்று அலறினான் ஏகாம்பரன். "இவர் நுழைந்தால் யானையும் நுழையும். அப்புறம் பெரிய மன்றுக்கு வழக்கே மிஞ்சாது!"

ராஜா மறுபடி சிரித்தார். இந்தத் தடவை கிரீடம் கீழேயே விழுந்துவிட்டது.