இரவல் பிரதி

ஹிமாங்ஷு கல்கத்தாவில் ரயிலேறி, ஹூக்ளி நதிக்கரையில் இருந்த நிபாரண் பாபுவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

வங்காளத்தில் நிபாரண் பாபுவின் நாவல் இல்லாத வீடு அபூர்வம். அங்கே ‘தாதா’ என்றால் அண்ணன். புதிதாகப் பேனா பிடித்தவர்களுக்கெல்லாம் அவர்தான் தாதா. ஹிமாங்ஷுவோ அவரைக் குருவாகவே வரித்துக்கொண்டு தன் முதல் நாவலை எழுதியிருந்தான்.

நிபாரண் பாபு பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

“முகம் ஏன் இப்படித் தொங்குகிறது? பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டாரா?”

“அகோர் பாபு போடுகிறேன் என்கிறார், தாதா. முடிவை மாற்றச் சொல்கிறார்.”

நாவலில் சுரமா என்ற பெண், அடித்துத் துன்புறுத்தும் கணவனை விட்டுக் குழந்தையோடு வெளியேறுகிறாள். கதை அங்கே முடிகிறது.

“கல்யாணப் பரிசாகக் கொடுக்க முடியாத நாவலை யார் வாங்குவார்கள் என்று கேட்கிறார். வைசாக மாதம் முழுக்க முகூர்த்தமாம். அதற்குள் சுரமா வீடு திரும்பியாக வேண்டுமாம்.”

“பாவம், இந்த வெயிலில் நடக்கவேண்டும்.”

“சிரிக்காதீர்கள் தாதா. இந்தப் புத்தகம் வராவிட்டால் நான் அப்பாவின் அரிசி மண்டியில்தான் உட்கார வேண்டும். மாற்றி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். சரியா, தப்பா? நீங்களே சொல்லுங்கள்.”

“படி.”

படித்தான். சுரமா அந்தி நேரத்தில் திரும்பி வருகிறாள். கணவன் வாசலில் நின்று கண்ணீர் விடுகிறான். அவள் துளசி மாடத்தில் விளக்கேற்றுகிறாள். படித்து முடித்ததும் ஹிமாங்ஷுவே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நன்றாக இருக்கிறது,” என்றார் நிபாரண் பாபு. “என் நாவல் ஒன்றிலும் இப்படித்தான். என்னுடையதில் மழை வேறு பெய்யும். மேஜைமேல் இருக்கிறது பார், எடு.”

அட்டை நைந்து, முதுகில் பழைய புடவைக் கரை வைத்துத் தைத்த புத்தகம் அது. உள்ளே தெருக்கோடி வாசகசாலையின் முத்திரை இருந்தது.

“உங்கள் புத்தகத்தை நீங்களே இரவல் வாங்குகிறீர்களா? பீரோ நிறையப் பிரதிகள் இருக்கின்றனவே!”

“அவற்றில் நான் எழுதியது மட்டும்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் படி.”

“எனக்கு அது மனப்பாடம், தாதா.”

“நடுவில் இருப்பதை யார் கேட்டது? ஓரத்தைப் படி.”

ஓரத்தில் பென்சில் எழுத்துகள். எல்லாம் வேறுவேறு கைகள். மேலே உருண்டையாக ஒன்று: ‘அப்பாடா! இனி நிம்மதியாகத் தூங்குவேன்.’ அடுத்தது: ‘இவ்வளவு மழையில் நின்றானே, மனுஷனுக்கு ஒரு குடை கொடுத்திருக்கக் கூடாதா?’

ஹிமாங்ஷு வாய்விட்டுச் சிரித்தான்.

அதற்குக் கீழே ஒரு வரி. அழுத்தி எழுதியதில் காகிதம் லேசாகக் கிழிந்திருந்தது.

‘பொய். நானும் திரும்பிப் போனேன்.’

அவன் சிரிப்பு அடங்கியது. அந்த வரிக்கு அடியில் இன்னொரு பெண் பொடி எழுத்தில் கேட்டிருந்தாள்: ‘அக்கா, நீங்கள் எந்த வீடு?’

அதன் கீழே ஒன்றுமில்லை.

“அவள் பதில் எழுதவில்லையா, தாதா?”

“அதைப் பார்க்கத்தான் அடிக்கடி எடுத்து வருகிறேன்.”

“யாரென்று வாசகசாலையில் விசாரிக்கலாமே.”

“விசாரித்தால் அப்புறம் ஒருத்தியும் எழுத மாட்டாள்.”

ஹிமாங்ஷு அந்த வரியை மறுபடி பார்த்தான். பிறகு தன் மடியில் கிடந்த தாள்களைப் பார்த்தான். சற்றுமுன் அவனையே கலங்கவைத்த தாள்கள்.

“அகோர் பாபுவிடம் எந்த முடிவைக் கொடுக்கட்டும்? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்னால் மண்டியில் வேண்டுமானாலும் உட்காருகிறேன்.”

நிபாரண் பாபு கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி மூடினார்.

“எந்த முடிவோடு வந்தாலும் உன் புத்தகம் ஒருநாள் இந்த வாசகசாலைக்கும் வரும். அவளும் எடுத்துப் போவாள்,” என்றார். “பென்சிலோடுதான் உட்காருவாள்.”