செவலைக்கு வந்த நோவு

"வாயில்லாத ஜீவன். எங்க வலிக்குன்னு அது சொல்லாது. பெறகு எப்படிம்மா நோவக் கண்டுபிடிக்கது?"

நல்லசிவன் இதைக் கேட்டபோது உலகம்மை குளத்தங்கரையில் உட்கார்ந்து, மாடுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் மாட்டு வைத்தியம் பார்ப்பவள் அவள்தான்.

அவள் அவருடைய வலது கையை எடுத்தாள். உள்ளங்கையை மோந்து பார்த்தாள். கையை விட்டுவிட்டு மறுபடி மாடுகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நல்லசிவனுக்கு ஏமாற்றம். ஒரு மூலிகையாவது மந்திரமாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தார். அன்று சாயங்காலம் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

இந்தக் கதையில் சீடர்தான் வயதில் மூத்தவர். நிலத்தை மகன்களிடம் கொடுத்துவிட்டு, மிச்சக் காலத்தில் மாட்டு வைத்தியமாவது படிப்போம் என்று அவளிடம் வந்தவர். அவர் வெள்ளைத் தாடியைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் அவர் காலில்தான் விழுவார்கள். உலகம்மை தடுப்பதில்லை. தள்ளி நின்று சிரித்துக்கொள்வாள். அவரை அவள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

வரும்போது தன் செவலைப் பசுவை இந்த ஊர் அம்மன் கோயிலுக்கு விட்டுவிட்டார். எல்லாவற்றையும் விட்டாச்சு என்று சொல்லிக்கொள்வார். ஆனால் குளத்துப் புல்லில் செவலை எங்கே நிற்கிறது என்று அவர் கண் தேடாத நாள் கிடையாது.

கோயில் கொடைத் திருவிழா வந்தது. முடிந்தது.

மேளம் நின்ற பிறகும் ஊரின் காதில் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் எல்லோரும் பாதித் தூக்கத்தில் நடந்தார்கள். குளத்தில் தண்ணீர் எது, பனி எது என்று தெரியவில்லை. மாடுகள் கால் தெரியாமல் மிதந்து மேய்ந்தன.

செவலை மட்டும் படுத்துக் கிடந்தது.

இடது பக்க வயிறு உப்பியிருந்தது. அசை போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. பிடித்துத் தூக்கி நிறுத்தினால், கள்ளுக் குடித்தவனைப் போலத் தள்ளாடி மறுபடி படுத்துக்கொண்டது.

"விஷம்" என்று முதலில் சொன்னது நல்லசிவன்தான்.

அந்தச் சொல் வந்த பிறகு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. கரையோரம் கீரைப் பாத்தி போட்டிருக்கும் காத்தமுத்து இருந்தான். போன மாதம் செவலை அவன் பாத்தியில் வாய் வைத்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் உயிரோடு போகாது என்று அவன் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. அவன் வீட்டில் பூச்சிமருந்தும் இருந்தது. எல்லார் வீட்டிலும்தான் இருந்தது. அந்த நேரத்தில் அதை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

அவன் துண்டாலேயே அவன் கையைப் பின்னால் கட்டி இழுத்துவந்தார்கள். செவலை செத்தால், பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். அங்கேயே நின்று முடிவு செய்துவிட்டார்கள். அதிகமாகச் சத்தம் போட்டது நல்லசிவன். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

காத்தமுத்து பனிக்குள் தன் பாத்தி இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உலகம்மை வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள். செவலையின் பக்கத்தில் மண்டியிட்டு, வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"அண்ணாச்சி, நீங்களும் மோந்து பாருங்க."

அவர் குனிந்தார். "புளிச்ச வாடை அடிக்கும்மா. பழங்கஞ்சி மாதிரி."

"மருந்து வாடை?"

அவர் இன்னொரு தடவை குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "இல்ல" என்றார்.

எச்சில் ஒழுகுகிறதா, உடம்பு நடுங்குகிறதா என்றும் கேட்டாள். விஷத்துக்குரிய அந்த இரண்டும் இல்லை.

தன் குடிசையிலிருந்து ஆப்ப சோடாவை எடுத்துவரச் சொல்லி, தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

"அவன் கைய அவுத்துவிடுங்க. தலையப் பிடிக்க ஆள் வேணும்."

முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் அவிழ்த்துவிட்டார்கள். துண்டு புல்லில் விழுந்தது. காத்தமுத்து செவலையின் தலையை மடியில் தூக்கி வைத்துப் பிடித்துக்கொள்ள, உலகம்மை கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

நல்லசிவனால் பொறுக்க முடியவில்லை. யார் செய்தது என்று தெரியாமல் தான் அந்த இடத்தைவிட்டு நகரப் போவதில்லை என்றார்.

"கண்டுபிடிச்சிருவோம். எல்லாரும் கைய நீட்டுங்க."

முதலில் காத்தமுத்துவின் கையை மோந்து பார்த்தாள். மண்ணும் கீரையும். அடுத்தது கோயில் பூசாரியின் கை. நெய். அடுத்தது பூக்கட்டும் இசக்கியம்மாள். வெல்லம். அதற்கடுத்த கையிலும் வெல்லம், நெய், ஏலக்காய்.

அம்மன் மாடு வாசலில் வந்து நின்றால் கொடைப் பொங்கலை யார்தான் கொடுக்காமல் இருப்பார்கள்? மூன்று நாளும் செவலை தெருத்தெருவாக வந்து நின்றிருந்தது. மிச்சப் பொங்கலுக்காக அன்று விடியும்போதும் வந்தது. அத்தனை சோறும் வெல்லமும் அதன் வயிற்றுக்குள் புளித்துக் கிடந்தன.

உலகம்மை அடுத்த கை, அடுத்த கை என்று நகர்ந்தாள். நான் ஒரு உருண்டைதான் வைத்தேன் என்று ஒருத்தி தானாகவே சொன்னாள். பின்னால் நின்றவர்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் நல்லசிவன் முன்னால் வந்து நின்றாள்.

அவர் கையை நீட்டவில்லை. தானே முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். அன்றைக்கு அவள் மோந்து பார்த்த அதே கை.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பொங்கல் அண்டாவின் அடியில் ஒட்டியதையெல்லாம் சுரண்டி, கூடையில் போட்டு, அவளுக்குத் தெரியாமல் காலையும் மாலையும் செவலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். கூடை காலியாகும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொடுத்திருக்கிறார்.

"பிரியமாத்தானம்மா குடுத்தேன்."

"தெரியும் அண்ணாச்சி. அதான் அது வேண்டாம்னு சொல்லல."

நல்லசிவன் புல்லில் கிடந்த துண்டை எடுத்து, ஈரத்தை உதறி, காத்தமுத்துவின் தோளில் போட்டார். அவன் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அன்று பகலெல்லாம் இரண்டு பேரும் செவலையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாளும் பனி இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெரிய ஏப்பம் கேட்டது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்த உலகம்மை சிரித்தாள்.

செவலை எழுந்து நின்றது. பக்கத்தில் போட்டிருந்த காய்ந்த வைக்கோலைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக நல்லசிவனிடம் வந்து, மூக்கால் அவர் கையைத் தேடியது.

நல்லசிவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே நின்றார்.